டெக்னோ லேபிள் தொகுப்பு: 120 முதல் 148 பிபிஎம் வரை ஒரே ஆல்பத்தில் தாங்குமா?

இரவுத்தட்டு:

வணக்கம். ஒரு சிறிய டெக்னோ லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) முதல் தொகுப்பு ஆல்பம் இது. 16 கலைஞர்கள், ஆளுக்கு ஒரு ட்ராக், மொத்தம் 98 நிமிடம். டப் டெக்னோ 3 (120, 122, 123 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை அடி), எலெக்ட்ரோ 2 (128, 130), ஆசிட் 3 (130, 134, 138), நாலுக்கு நாலு கிக் (நாலு அடியிலும் விழும் பேஸ் ட்ரம்) வைத்த நேரடி டெக்னோ 4 (132, 133, 135, 136), ஹார்ட் டெக்னோ 2 (145, 148), தாளமே இல்லாத ஆம்பியன்ட் 2.

இப்போது வேகம் ஏறும் வரிசையில் அடுக்கியிருக்கிறது. தொடக்கத்தில் ஓர் ஆம்பியன்ட், முடிவில் ஓர் ஆம்பியன்ட். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது. தொடர்ந்து கேட்டால் யாரோ பிளேலிஸ்ட் போட்ட மாதிரி இருக்கிறது.

பாணிகளைக் குறைக்க வேண்டுமா, வரிசையை மாற்றினால் போதுமா? டிஜிட்டலில் 16-ம் வரும். வினைலில் 2 தட்டுதான் போட முடியும், அதில் எந்த ட்ராக்குகள்? ஆம்பியன்டையும் ஹார்ட் டெக்னோவையும் மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலையில்) எப்படி ஒரே ஆல்பத்துக்குள் உட்கார வைப்பது?

---

ஒற்றைஉதை:

பாணிகளின் பரப்பைக் குறைக்க வேண்டாம். கோளாறு வரிசையில் இருக்கிறது.

வேக வரிசையில் அடுக்கினால் ஒரே பாணி தானாகவே ஓரிடத்தில் சேர்ந்துவிடும். உங்கள் பட்டியலில் டப் மூன்றும் ஒட்டி நிற்கின்றன, அடுத்து எலெக்ட்ரோ. 130-லிருந்து 138 வரை ஆசிடும் நேரடி டெக்னோவும் ஒரே திரளாகிவிடுகின்றன. மூன்றாவது டப் வரும்போது கேட்பவர் அதைத் தனி ட்ராக்காகக் கேட்கமாட்டார், முந்தைய இரண்டோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார். தொகுப்பில் பலவீனமான ட்ராக் என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் இப்படித் தவறான அண்டை வீட்டுக்காரர் வாய்த்த ட்ராக்தான்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் எல்லா ஒலிகளும் சேர்ந்து ஒலிக்கும் இடத்திலிருந்து 30 விநாடி வெட்டி, காதுக்கு ஒரே அளவாக ஒலியைச் சமப்படுத்தி, 16-ஐயும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். பாணியின் பெயரை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நடுவே என்ன நடக்கிறது?

120 பிபிஎம்மில் அந்த இடைவெளி 500 மில்லிவிநாடி. 148-இல் 405. டப் டெக்னோவில் கிக் குட்டை, மீதி இடத்தை டிலேயில் (ஒலியை இடைவெளி விட்டுத் திருப்பி ஒலிக்கும் கருவியில்) போன கார்டின் (ஸ்வரக் கூட்டின்) எதிரொலி நிரப்பும். டிலே புள்ளி வைத்த எட்டிலொரு பங்கில் இருந்தால் 122-இல் அது 369 மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் கிக்கோடு ஒட்டாமல் சறுக்கிக்கொண்டே போகும். ஹார்ட் டெக்னோவில் கிக்கையே ரிவெர்புக்குள் (கூடத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் கருவிக்குள்) அனுப்பி, மேல் அதிர்வெண்களை வெட்டி, அடுத்த கிக் விழும்போது அமுங்குமாறு சைட்செயின் போட்டு அந்த 405-ஐயும் ஓர் உறுமலால் அடைத்துவிடுவார்கள். இரண்டும் எதிரெதிர் துருவம் மாதிரித் தெரியும். வேலை ஒன்றுதான்: கிக்குக்குப் பின்னால் ஒரு பெரிய கூடத்தைக் கட்டுவது. ஆசிடில் அதே இடத்தை 303 பேஸ் சிந்தசைசரின் பதினாறிலொரு பங்கு ஸ்வரங்கள், சறுக்கலும் அழுத்தமும் சேர்ந்து, பிடித்துக்கொள்கின்றன. எலெக்ட்ரோவில் கிக்கே தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும்.

லேபிளுக்குக் கைவாகு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் தெரியும். உங்கள் 16-இல் 11, 12 ட்ராக்காவது அந்த இடைவெளியை ஒரே மாதிரியான ஈரத்தோடு, அதாவது ஒத்த ரிவெர்ப் நீளத்தோடு, கையாண்டால் பிபிஎம் எவ்வளவு விலகினாலும் ஆல்பம் நிற்கும். பாதி எலும்பு மாதிரி வறண்டு, பாதி குளத்துக்குள் முழுகியிருந்தால் எல்லாம் 132-ஆக இருந்தாலும் நிற்காது.

கூடவே கிக்கின் ஸ்வரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அனலைசரில் கிக்கின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 45-60 ஹெர்ட்ஸில் தெரியும்: 49 என்றால் ஜி, 55 என்றால் ஏ. 55-இல் முடியும் ட்ராக்கை அடுத்து 58-இல் ஒன்று தொடங்கினால் அது அரை ஸ்வர உரசல். இடையில் நிசப்தம் இருந்தால் சமாளிக்கலாம், தொடர் மிக்ஸில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தால் சுருதி விலகிய மாதிரியே கேட்கும்.

நான் சொல்லும் வரிசை: டப் 120, எலெக்ட்ரோ 128, நேரடி 132, ஆசிட் 130, ஆம்பியன்ட், டப் 123, நேரடி 133, ஆசிட் 134, நேரடி 135, எலெக்ட்ரோ 130, நேரடி 136, ஆசிட் 138, ஹார்ட் 145, ஹார்ட் 148, ஆம்பியன்ட், டப் 122.

ஹார்ட் இரண்டைத் தவிர எந்தப் பாணியும் பக்கத்துப் பக்கத்தில் வரவில்லை. ஹார்ட் டெக்னோவைப் பிரித்தால் ஆல்பத்தில் இரண்டு உச்சம் வந்துவிடும், இரண்டாவது உச்சம் முதலாவதைத் தின்றுவிடும். ஐந்தாவதாக வரும் ஆம்பியன்ட் வெறும் ஓய்வுக்காக இல்லை. 130-க்குப் பிறகு நேராக 123 வந்தால் வண்டி பிரேக் போட்ட மாதிரி இருக்கும். நடுவில் 5 நிமிடம் தாளமே இல்லாமல் போனால் காது பழைய காலப்பிரமாணத்தை மறந்துவிடும், 123 புதிதாகத் தொடங்கும்.

---

மந்தரஒலி:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பழைய தொகுப்புகளைப் பார்த்தால் பரப்பைச் சமாளிக்க வேறு வேறு வழிகள் இருந்திருக்கின்றன, உங்கள் லேபிளுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

டெக்னோ என்ற பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனதே ஒரு தொகுப்புதான்: 1988-இல் பிரிட்டனில் வந்த ‘டெக்னோ! த நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்’. ஜுவான் அட்கின்ஸின் இயந்திரத்தனமான ட்ராக், டெரிக் மேயின் சிந்த் உருக்கம், கெவின் சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு பாடிய பாப் பாட்டு மூன்றும் அதே தட்டில் இருக்கின்றன. பாணியை வைத்து அளந்தால் அதில் பாதி ஹவுஸ். முதலில் ஹவுஸ் என்ற பெயரிலேயே வர இருந்தது, அட்கின்ஸின் ட்ராக்கைப் பார்த்துத்தான் தலைப்பு மாறியது. அதைக் கட்டிப்போட்டது ஊர், பாணி அல்ல. உங்கள் 16 பேரும் சிதறிக் கிடந்தால் இந்த வழி உதவாது.

வார்ப் லேபிள் 1992-இல் வெளியிட்ட ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ எல்லையைக் கேட்கும் இடத்தால் வரைந்தது: ஆடுவதற்கு அல்ல, உட்கார்ந்து கேட்பதற்கு. உறையிலேயே நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் ஒரு ரோபோ. ஆட்டெக்கர், பி12, ஸ்பீடி ஜே, மாற்றுப் பெயரில் ஏஃபெக்ஸ் ட்வின் எல்லாரும் அந்த ஒரு நாற்காலிக்குள் அடங்கினார்கள். இந்த வழியில் போனால் உங்கள் 148 உள்ளே வர முடியாது, அது தெளிவு.

கொலோனின் கொம்பாக்ட் லேபிள் பிரித்து வைத்தது. ‘டோட்டல்’ தொடர் 1999-இல் தொடங்கியது. தாளமற்ற இசைக்கு ‘பாப் ஆம்பியன்ட்’ என்று 2001 முதல் தனித் தொடர். ஒரு தொகுப்புக்குள் எல்லாவற்றையும் திணிக்காமல் இரண்டு வாசல் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்று விடப் போகிற லேபிளுக்கு இது நல்ல பாடம். முதல் தொகுப்புக்கே இரண்டு ஆம்பியன்டை வைத்துத் தனித் தொடர் போட முடியாது, அதுவும் சரி.

உங்களுக்கு மிகவும் பொருந்துவது பெர்லினின் ஆஸ்ட்குட் டன் லேபிள் 2010-இல் செய்தது என்று நினைக்கிறேன். ஐந்தாம் ஆண்டுத் தொகுப்பான ‘ஃபுன்ஃப்’-க்காக எமிகா என்ற இசைக்கலைஞர் பெர்க்ஹைன் என்ற டெக்னோ கிளப்பின் கட்டடத்துக்குள்ளேயே ஒலிகளைப் பதிவு செய்தார். கலைஞர்கள் அந்தப் பதிவுகளை மூலப்பொருளாக வைத்து ட்ராக் செய்தார்கள். பாணி அவரவர் இஷ்டம், மண் மட்டும் ஒன்று. உங்கள் ட்ராக்குகள் முடிந்துவிட்டன என்றாலும் இதன் சிறு வடிவம் முடியும். 20, 30 ஒலித்துண்டுகள் கொண்ட ஒரு தொகுதியை அனுப்பி, விருப்பமுள்ளவர்கள் அறிமுகப் பகுதியிலோ முடிவிலோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தினால் ஒட்டவைத்தது மாதிரித்தான் இருக்கும்.

எலெக்ட்ரோவை ‘வேறு பாணி’ என்று நினைத்துத் தயங்க வேண்டாம். 1981-இல் முதல் தட்டை வெளியிட்ட சைபோட்ரான் குழுவில் இருந்தவர் அதே அட்கின்ஸ்தான், கூட ரிக் டேவிஸ். நாலுக்கு நாலு கிக் டெட்ராய்ட்டில் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே அந்த உடைந்த தாளம் அங்கே இருந்தது. டெக்னோ தொகுப்பில் எலெக்ட்ரோ விருந்தாளி இல்லை, மூத்தவர்.

---

வெட்டுஊசி:

மாஸ்டரிங், வினைல் இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் 16 பேரிடமும் லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) போடாத மிக்ஸை வாங்குங்கள். 24 பிட், ட்ராக் உருவான அதே சாம்பிள் ரேட், உச்சம் −3 முதல் −6 டெசிபெல்லுக்குள், முன்னும் பின்னும் ஓரிரு விநாடி நிசப்தம். ரிவெர்ப் வாலை வெட்டாமல் அனுப்பச் சொல்வது முக்கியம். டப் ட்ராக்கில் கடைசி எதிரொலி 10 விநாடிக்கு மேல் ஓடும், கோப்பை ஏற்றுமதி செய்யும்போது அது பாதியில் நறுக்கப்பட்டுப் போவது அடிக்கடி நடக்கிற பிழை. ஹார்ட் டெக்னோ ஆட்கள் −6, −7 லஃப்ஸில் (லஃப்ஸ் என்பது காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) நசுக்கிய கோப்பையே ‘இதுதான் என் ஒலி’ என்று அனுப்புவார்கள். அப்படியானால் கிளிப்பிங்கை (அலையின் உச்சியை வெட்டும் சிதைவை) மிக்ஸிலேயே கிக் சானலில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் சானலில் உள்ளதை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒலியின் குணம் போகாது, மாஸ்டரிங் செய்பவருக்கு இடமும் கிடைக்கும்.

16-ஐயும் ஒரே லஃப்ஸ் எண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது. முதல் தொகுப்பில் எல்லாரும் செய்கிற தவறு இது. ஆம்பியன்டையும் −8-க்கு ஏற்றினால் அதன் அடியில் கிடந்த இரைச்சல் மேலே வரும், 148-க்குப் பிறகு வரவேண்டிய மூச்சு காணாமல் போகும். ஆம்பியன்டுக்குச் சமமாக மற்றவற்றை இறக்கினால் கிக் சோகை பிடித்துப் போகும். நங்கூரமாக ஒரு ட்ராக்கைத் தேர்ந்தெடுங்கள், 133 அல்லது 135 நேரடி டெக்னோ சரி. அதன் கிக் காதில் எவ்வளவு உரக்க விழுகிறதோ அதற்கு மற்ற கிக்குகளைப் பொருத்துங்கள். மீட்டரை அதன் பிறகு பாருங்கள். நேரடி ட்ராக்குகள் −9-க்கு அருகில் வந்தால் டப் −11-இல் இருக்கும், ஆம்பியன்ட் −14, −15-இல் இருக்கும். அது சரியான நிலைதான், திருத்த வேண்டாம். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) −1 டெசிபெல்.

ஸ்பாட்டிஃபை −14-ஐ இலக்காக வைத்துச் சமன் செய்கிறது. ஆல்பமாக வரிசையில் கேட்டால் முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு கூட்டிக் குறைக்கும், ட்ராக்குகளுக்கு இடையே நீங்கள் வைத்த வித்தியாசம் அப்படியே இருக்கும். பிளேலிஸ்டில் போனால் ஒவ்வொன்றையும் தனியாகச் சமன் செய்யும். அதற்குப் பயந்து ஆல்பத்தைத் தட்டையாக்க வேண்டாம்.

இடைவெளியை எல்லாவற்றுக்கும் 2 விநாடி என்று விட்டுவிடாதீர்கள். 148 முடிந்ததும் 4 விநாடி தேவைப்படும். டப்பிலிருந்து எலெக்ட்ரோவுக்கு அரை விநாடிகூட அதிகம், வால் அடங்கும் நொடியிலேயே அடுத்தது விழ வேண்டும்.

இனி வினைல். 98 நிமிடத்தை 2 தட்டில், 4 பக்கத்தில் ஏற்றினால் பக்கத்துக்கு 24 நிமிடத்துக்கு மேல் போகும். டெக்னோவுக்கு அது ஆகாது. பேஸ் கனமாக இருந்தால் க்ரூவ் (ஊசி ஓடும் பள்ளம்) அகலமாக ஓடும், அதிக நிமிடம் வேண்டுமென்றால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும், இரைச்சல் தலைதூக்கும். 33⅓-இல் பக்கத்துக்கு 12 முதல் 14 நிமிடம் என்று வையுங்கள். அதாவது பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் 8 ட்ராக்.

எந்த 8, எந்த இடம் என்பதைத் தட்டின் இயற்பியலே பாதி முடிவு செய்துவிடும். 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் க்ரூவ் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும். லேபிள் தாளுக்கு அருகே அது சுமார் 21 செ.மீ.-க்கு இறங்கிவிடும். அதே உயர் அதிர்வெண் அலையை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருக்கிறது, ஊசி அதைப் பின்தொடர முடியாமல் சிதைக்கும். 303-இன் ரெசொனன்ஸ் கீச்சும் கூரிய ஹை-ஹாட்டும் உள்ளே போனால் மணல் அரைத்த மாதிரி ஆகும். ஆகவே ஆசிடும் ஹார்டும் வெளியே, டப்பும் ஆம்பியன்டும் உள்ளே.

முதல் பக்கம்: எலெக்ட்ரோ 128, டப் 120. இரண்டு: ஆசிட் 134, டப் 123. மூன்று: ஆசிட் 138, பின்னே நேரடி நான்கில் ஹை-ஹாட் மிக மங்கலான ஒன்று. நான்கு: ஹார்ட் 148, ஆம்பியன்ட். உள்பக்க ஆம்பியன்டில் தட்டின் பொரிச்சல் கேட்கத்தான் செய்யும். டப் டெக்னோவில் அந்தப் பொரிச்சலைக் காசு கொடுத்து பிளக்-இன்னில் வாங்கிப் போடுகிறார்கள், ஆகவே அங்கே கவலை இல்லை.

டப்பில் இன்னொரு கண்ணி: கார்டின் கீழ்ப்பகுதியை ஸ்டீரியோவில் அகலமாக்கியிருப்பார்கள். இடமும் வலமும் எதிர்க் கட்டத்தில் இருக்கும் பேஸ் ஊசியை மேலும் கீழும் தள்ளும், க்ரூவ் ஆழம் குறையும், ஊசி துள்ளும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்கி, மோனோவில் கேட்டுப் பாருங்கள். பேஸ் காணாமல் போனால் மாஸ்டரிங்கில் சரிசெய்ய முடியாது, மிக்ஸைத் திருப்பி அனுப்புங்கள்.

---

80நிமிடம்:

இரண்டு ஹார்டும் வேண்டுமா என்றே கேட்கிறேன். பாணிக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ட்ராக்கையும் வேறொரு லேபிளின் தொகுப்பில் வைத்துக் கற்பனை செய்யுங்கள். அங்கே யாரும் வித்தியாசமே உணராமல் கடந்து போவார்கள் என்றால் அது உங்கள் ட்ராக் இல்லை. உறுமல் கிக்கும் வெட்டிப் போட்ட குரல் துண்டும் மட்டுமே உள்ள 145 இந்தச் சோதனையில் எளிதாகத் தோற்கும்.

பரப்பு என்று சொல்லிக்கொள்ளும் பல தொகுப்புகளில் உண்மையில் இருப்பது தயக்கம்: யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சிடி போடும் எண்ணம் இருந்தால் ஒரு தட்டில் 80 நிமிடம்தான். 98-இல் 18-ஐ வெட்டியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் டிஜிட்டலில் இல்லாதது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று, ஆல்பம் கலைஞர் புலத்தில் 16-க்கும் ஒரே மாதிரி ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று இருக்க வேண்டும். ட்ராக் கலைஞர் பெயரை அங்கே போட்டுவிட்டால் பல ப்ளேயர்களில் ஆல்பம் 16 துண்டாகச் சிதறிவிடும். முன்பே வெளியான ட்ராக் ஏதாவது இருந்தால் அதற்குப் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுங்கள். அது பதிவுக்கான எண், ஆல்பத்துக்கானது அல்ல. பிபிஎம் குறிப்பையும் கையால் சரிபாருங்கள், மென்பொருள் 148-ஐ 74 என்று எழுதிவைக்கும், உடைந்த தாளத்தில் இன்னும் தடுமாறும்.

---

இரவுத்தட்டு:

நன்றி. ஒற்றைஉதை சொன்ன வரிசையில் ஓட்டிப் பார்த்தாயிற்று, பெரிய வித்தியாசம் தெரிகிறது. இரண்டு இடம் இடிக்கிறது. நேரடி 135-க்குப் பின் எலெக்ட்ரோ 130: வேகம் விழுவது தெரியவில்லை, ஆனால் எடை விழுகிறது. 148-க்குப் பின் ஆம்பியன்ட்: தாளம் சட்டென்று அறுந்த மாதிரி இருக்கிறது, இறங்கின மாதிரி இல்லை. 145 ட்ராக்கை எடுத்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. எடுத்தால் 138-லிருந்து 148-க்குத் தாவுவது அதிகமாகாதா?

---

ஒற்றைஉதை:

எடை விழுவதற்குக் காரணம் எலெக்ட்ரோவின் கிக் 808 ட்ரம் மெஷின் வகையாக, நீண்டு மென்மையாக இருப்பதாக இருக்கலாம். முன்னால் 909 வகை இறுக்கமான கிக் நாலு அடிக்கும் விழுந்துகொண்டிருந்தது, இப்போது ஒரு பாரில் இரண்டோ மூன்றோதான் விழுகிறது. இதை ஒலியளவைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இரண்டு எலெக்ட்ரோவையும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டில் பேஸ்லைன் தடித்தது எதுவோ அது பத்தாவது இடத்துக்கு வரட்டும். கிக் இல்லாத இடத்தில் பேஸ்லைன்தான் எடையைச் சுமக்க வேண்டும். டப் 120-க்குப் பின் 128-க்குப் பதில் 130 வருவது பெரிய விஷயமில்லை. வினைலில் முதல் பக்கத்துக்கு மட்டும் மெல்லிய பேஸ் உள்ளதையே வைத்துக்கொள்ளலாம், பக்கம் மாறும்போது எல்லாமே புதிதாகத் தொடங்கும்.

148-க்குப் பின் அறுபடுவதற்கு ஆம்பியன்ட் செய்தவரிடம் ஒரு சின்ன உதவி கேளுங்கள். 148-இன் பாதி 74. அந்த வேகத்தில் ஓர் அடி 811 மில்லிவிநாடி. ஆம்பியன்டின் முதல் 30 விநாடிக்கு மட்டும் டிலேயையோ ஃபில்டரின் அசைவையோ 811-இல் வைத்து, பிறகு விலகிப் போகவிடச் சொல்லுங்கள். காது பாதி வேகத்தில் தாளத்தைத் தொடரும், எங்கே விட்டது என்று தெரியாமல் விட்டுவிடும். கூடவே வெட்டுஊசி சொன்ன 4 விநாடி நிசப்தத்தை இங்கே எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்கும்.

145 பற்றி: 138-லிருந்து 148 என்பது சுமார் 7 விழுக்காடு. தனித்தனி ட்ராக்குகளாக, நிசப்தத்தோடு வரும்போது இது தாவலாகத் தெரியாது, கியர் மாறியது மாதிரிதான் இருக்கும். தொடர் மிக்ஸ் போடுவதாக இருந்தால் மட்டும் சிக்கல். சுருதிப் பூட்டு (வேகம் மாறினாலும் ஸ்வரத்தை மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் 6 விழுக்காடு இழுத்தாலே அரை ஸ்வரம் ஏறிவிடும். பூட்டைப் போட்டால் கிக்கின் முனை மழுங்கும். அப்போது இருவரும் பாதி பாதி நகர வேண்டும்: 138-ஐ 143-க்கு ஏற்றுங்கள், 148-ஐ 143-க்கு இறக்கி உள்ளே விடுங்கள், ஆசிட் போனபின் 32 பார்களில் மெல்ல 148-க்குத் திரும்புங்கள்.

ஆனால் 145-ஐ எடுப்பதற்கு முன் அதன் கிக் இடைவெளியை ஒருமுறை கேளுங்கள். உறுமலின் ரிவெர்ப் உங்கள் டப் ட்ராக்குகளின் கூடத்தோடு ஒத்துப்போனால் அது இருக்க வேண்டிய ட்ராக். அப்போது போக வேண்டியது 148-ஆகவும் இருக்கலாம்.

---

வெட்டுஊசி:

148 போய் 145 நின்றால் வினைலின் நான்காம் பக்கத்துக்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆம்பியன்டின் டிலே 811 அல்ல, 828. லாக்கர் (வினைல் அச்சுக்கான மூலத் தட்டு) வெட்டக் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பை மாற்றி வாங்கிவிடுங்கள், வெட்டிய பிறகு மாற்றினால் முழுப் பக்கத்துக்கும் மறுபடி காசு கட்ட வேண்டியிருக்கும்.